அக்கா வரும்வரை வைத்திருந்த வைன்

எண்பதுகளின் நடுப்பகுதியில் நானும் அண்ணையும் லண்டனில் ஒரு வைன் வியாபாரியின் நிலவறையில் பெட்டி தூக்கினோம். அண்ணை சொந்தமில்லை. கோலியர்ஸ் வுட்டில் ஒரே அறையில் இருந்தோம், என்னைவிட மூத்தவர், அவ்வளவுதான். அவருடைய மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தார். அவரை நான் அக்கா என்றுதான் சொல்வேன்.

ஒருநாள் முதலாளி எங்களுக்கு ஒரு சிவப்பு வைனைச் சுவைக்கத் தந்தார். தெற்கு இத்தாலியின் ஏதோ மலையில் விளைந்தது. பச்சைப் பாக்கைக் கடித்ததுபோல நாக்கு இறுகிவிட்டது. இந்தக் கண்றாவியை யார் குடிப்பான் என்று கேட்டேன். முதலாளி கோபிக்கவில்லை. அந்த உயரத்தில் இரவெல்லாம் குளிர், மண்ணில் பாதி கல், அதனால் பழம் சிறுத்துத் தோல் தடிக்கும், துவர்ப்பு அந்தத் தோலில் இருந்து வருவது என்றார். பத்து வருடமாவது படுத்துக் கிடந்தால்தான் அது அடங்குமாம். அதற்கு முன் திறப்பவன் மடையனாம்.

அண்ணை அன்றே ஒரு போத்தல் வாங்கினார். அக்கா வந்து சேரும் நாளில் திறப்பாராம். அக்கா இதையெல்லாம் குடிப்பாவோ என்று கேட்டேன்.

“மணந்து பாத்தாப் போதும். நான் குடிக்கிறன், அவ இருந்து ஏசட்டும்,” என்றார்.

படிக்கட்டுக்குக் கீழிருந்த அலுமாரியில், இடுப்பில் கட்டும் பழைய சாரமொன்றில் சுற்றி, படுக்கவைத்தார். முதலில் விசா இழுபட்டது. விசா சரிவரும்போலிருந்த நேரம் மறுபடி சண்டை தொடங்கிக் கொழும்புக்கு வரும் பாதை பூட்டுப்பட்டது. வருடங்கள் போயின. வைனுக்கு நல்லதுதானே என்று நான் ஒருமுறை பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நிலவறையில் பெட்டியோடு விழுந்தார். மாரடைப்பு.

எட்டாம் நாள் செலவுச் சடங்கை நோர்பரியில் அவருடைய மச்சான், அதாவது அக்காவின் தம்பி, வீட்டில் செய்தார்கள். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைப்பது எங்கள் வழக்கம். இறைச்சிக் கறி, பொரித்த மீன், சாராயம். நான் போனபோது அவற்றின் நடுவே அந்தப் போத்தல் திறந்தபடி நின்றது. சாமான்களோடு அதையும் அலுமாரியிலிருந்து எடுத்துப் போயிருக்கிறார்கள்.

“ஆர் திறந்தது?” என்று கேட்டேன்.

“நான்தான். அத்தான் ஆசைப்பட்டு வைச்சிருந்தவர் எல்லே,” என்றான் மச்சான்.

“அவர் தனியக் குடிக்க வைக்கேல்லையடா. அக்காவோட குடிக்க வைச்சது.”

“அக்கா வரேக்கை வேறை ஒண்டு வாங்குவம். உதுக்கேன் இப்ப கத்துறியள்?”

வேறொன்று வாங்கலாமாம். இத்தனை வருடத்தை எந்தக் கடையில் வாங்குவது? மூடி வைக்கவும் வழியில்லை. திறந்த வைன் இரண்டு நாள் தாங்காது. படைத்ததை மிச்சம் வைக்கவும் கூடாது. அதற்குள் ஒரு பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, அடியில் மண்டி கிடக்கு, சாமான் பழுது என்று சொல்லிக் கோக் தேடினார். நான் போத்தலைப் பறித்துக்கொண்டு பின்வாசலில் போய் இருந்தேன். மிச்சம் முழுவதையும் குடித்தேன். அது எப்படி இருந்தது என்று அக்கா கேட்டால் சொல்ல ஒருவனாவது வேண்டும் என்று நினைத்தேன். அழுகை வந்ததால் சுவை பிடிபட நேரமெடுத்தது.

பல வருடங்களுக்குப் பிறகுதான் அக்கா வந்தார். போய்ப் பார்த்தேன். அன்று குடித்து மனதில் வைத்திருந்த சுவையைச் சொன்னேன். துவர்ப்பு போகவில்லை, ஆனால் கடிக்கவில்லை. முதலில் காய்ந்த புகையிலை மணம், பிறகு மழை விழுந்த மண், விழுங்கிய பின் கன நேரத்துக்கு நாவற்பழம். அக்கா குறுக்கிடாமல் கேட்டார்.

“விழுந்த அண்டைக்கு அவர் சாப்பிட்டிட்டே வேலைக்குப் போனவர், தம்பி?”

“தெரியாதக்கா. எனக்கு அண்டைக்கு லீவு. நான் எழும்பேக்கை அவர் போயிட்டார்.”

அவர் தலையாட்டினார். ஆறிப்போன என் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு, வேறு போட்டு வருவதாகச் சொல்லிக் குசினிக்குள் போனார். கன நேரம் வரவில்லை.