கம்பெனி நிறுத்திய மொழி

போன வாரம் ஒரு மொழி செத்துப்போனது. சிவகாசியில், ஒரு காலண்டர் ஆபீஸில், டீ வரும் நேரத்தில்.

பேசும் மொழி இல்லை. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்கிற மொழி. எட்டாவதோடு நின்றுவிட்டு ஊர் ஊராக லோடு இறக்கித் திரிகிற எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? இந்த சீசனுக்கு அங்கேதான் பண்டல் கட்டுகிறேன்.

ஆபீஸில் மாரிச்செல்வி என்றொரு பெண். ஊர் ஏழாயிரம்பண்ணை. அம்மா பட்டாசு கம்பெனிக்கு வேனில் போகிறவர். அந்த வேனில் ஏறக் கூடாது என்றே செல்வி அந்த மொழியைப் படித்தாள். எந்தக் கடைக்கு எந்த சாமி படம், அடியில் என்ன பெயர்... ஆர்டரைப் பிரித்து அச்சுக்கு அனுப்பும் புரோகிராம் அவள் எழுதியது. ஆடிப்பெருக்குக்குப் புது வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகி ஆர்டர் வரத் தொடங்கியதிலிருந்து ஆபீஸே அதில்தான் ஓடியது.

அன்று ஓடவில்லை. மொழியை விற்ற வெளிநாட்டு கம்பெனி அதை நிறுத்திவிட்டதாம். இன்டர்நெட் வழியாக அவர்கள் சரி சொன்னால்தான் புரோகிராம் திறக்குமாம்.

முன்பே சொல்லவில்லையா? சொன்னார்கள். மாதக்கணக்கில் திரையில் வந்தது. செல்வியும் முதலாளியிடம் சொன்னாள்.

"நம்ம அச்சு மிஷினைச் செஞ்ச கம்பெனியே மூடியாச்சு. லேத்துல ஸ்பேர் கடைஞ்சு ஓட்டலையா? இதுவும் வாங்குன சாமான்தானம்மா" என்றார் அவர்.

சிவகாசிக்காரர் வேறெப்படி யோசிப்பார்? இங்கே வாங்கினால் வாங்கியதுதான். அந்தக் கம்பெனிகளோ மொழியை விற்பதில்லை — பேச அனுமதி தருகின்றன. அனுமதியை எந்த லேத்தில் கடைவது?

முதலாளி சென்னையிலிருந்து ரெடிமேட் சாஃப்ட்வேர் இறக்கிவிட்டார். பட்டனைத் தட்டினால் போதும். எழுத ஆள் வேண்டாம்.

"வேற லாங்குவேஜ் படிச்சிட்டு வா தாயி."

"அதையும் நிறுத்த மாட்டாகன்னு சொல்லுங்க, படிக்கேன்."

அவர் டீயைக் குடித்தார்.

நேற்று காலை லோடு வண்டியில் போகும்போது, ஏழாயிரம்பண்ணைக்கு ரோடு பிரியும் விலக்கில் செல்வி நின்றாள். கையில் தூக்குச்சட்டி. பக்கத்தில் அவள் அம்மா, எங்கோ பார்த்துக்கொண்டு.

"என்னம்மா, இங்கன நிக்கே?"

"வேனுக்குண்ணே." கொஞ்சம் சிரித்தாள். "அந்த லாங்குவேஜ் கம்பெனி மெயில் போட்டிருக்கு. இம்புட்டு நாள் கூட வந்ததுக்கு நன்றியாம்."

வேன் வந்தது. அம்மா ஏறினார். பின்னாலேயே அவளும் ஏறினாள்.

நன்றி கெட்டவர்கள் என்று மட்டும் அந்த வெளிநாட்டு கம்பெனிக்காரர்களைச் சொல்லிவிடாதீர்கள்.