புளி போட்டுத் தேய்த்த மிருக முகம்

என் அக்கா வீட்டு வாசலுக்கு மேலே ஒரு மிருகத்தின் முகம் இருந்தது. வெண்கலம். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்தால் என்ன அளவோ அந்த அளவு. பிதுங்கிய கண்கள், சுருண்ட கொம்புகள், மூக்கில் தொங்கும் ஒரு வளையம். கீழ்த்தாடை கிடையாது. சிங்கமா மாடா என்று யாராவது கேட்டால் வாயில் வந்ததைச் சொல்லி வைப்போம். கடலூரில் எங்கள் மீனவர் தெருவில் மற்ற வீடுகளில் திருஷ்டிக்குக் கடையில் வாங்கிய பூத முகம் தொங்கும். அக்கா வீட்டில் மட்டும் சீனாக்காரன்.

அதைக் கொண்டுவந்தவர் அக்காவின் கணவர். எனக்கு மாமா. சரக்குக் கப்பலில் பல வருஷம் சமையல்காரராக இருந்தவர். கடைசிப் பயணத்தில் ஏதோ ஒரு சீனத் துறைமுகத்தில், கையில் இருந்த சம்பளத்தை எல்லாம் கொட்டி அதை வாங்கியிருக்கிறார். ராஜா ஒருவரின் கல்லறைக் கதவில் இருந்தது, ரெண்டாயிரம் வருஷத்துப் பழசு என்று விற்றவன் சைகையிலேயே சொன்னானாம். சைகையில் ரெண்டாயிரத்தை எப்படிச் சொன்னான் என்று நான் கேட்காத நாளில்லை. மாமா கொஞ்சமும் சிரிக்காமல் பத்து விரலையும் விரித்து மூடி, விரித்து மூடிக் காட்டுவார்.

அக்கா எதிர்பார்த்திருந்தது தங்கச் சங்கிலி. பக்கத்தில் பரங்கிப்பேட்டைக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து நகையும் சென்ட்டுமாக இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. "கப்பல்ல போயி மூஞ்சி வாங்கியாந்தவரு" என்று தெருவே மாமாவைக் கிண்டல் செய்தது. மாமா அசரவில்லை. "அதோட அருமை ஒரு நாளைக்குத் தெரியும்" என்பார். அந்த ஒரு நாளை நம்பித்தான் அவர் அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தார்.

சுனாமியில் வீட்டின் முன்சுவர் போயிற்று. நாங்கள் எல்லோரும் பிழைத்தோம். எங்கள் தெருவில் இதைச் சத்தமாகச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூச்சம்தான். சுவர் இருந்த இடத்தில் மணலைக் கிளறி அந்த முகத்தைத் தேடி எடுத்தது அக்கா. சுவர் எழும்பியதும் அதே இடத்தில் மாட்டினார்கள். உப்புக்காற்றில் களிம்பு ஏறி, குளத்துப் படிக்கட்டு மாதிரி பச்சையாகிவிட்டது. துடைக்கவும் மாமா விடமாட்டார்.

நான் சிதம்பரத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தேன். சுனாமிக்கு நாலைந்து வருஷம் கழித்து, பழம்பொருள் வாங்கி விற்கும் ஒரு அம்மா சென்னையிலிருந்து வந்து தங்கினார். சீனத்துப் பீங்கானும் வெண்கலமும்தான் அவர் தொழில் என்று தெரிந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடி வரும்போது பார்ப்பதாகச் சொன்னார்.

"பச்சை அப்படியே இருக்கட்டும் தம்பி. துணி போட்டுக்கூடத் துடைச்சிடாதீங்க. நெஜமாவே பழசா, இல்ல போலியான்னு அதை வச்சுத்தான் நான் பாக்கணும்."

அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை மாறாமல் சொன்னேன். "சரிடா" என்றாள்.

மாமா சந்தோஷத்தில் குதிப்பார் என்று நினைத்துக்கொண்டு கடலூருக்குப் போனேன். ஆள் இளைத்துப் போயிருந்தார். "என்னா மச்சான், அந்தம்மா நல்லா பாக்கத் தெரிஞ்சவுங்களா?" என்று கேட்டார். நல்லாத் தெரிஞ்சவுங்க என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி கேட்டார்.

அந்த நாள் வந்தது. பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி சிதம்பரத்தில் என் வாடகை வீட்டைக் கூட்டிப் பெருக்கி, கேசரி கிண்டி வைத்திருந்தோம். அக்கா பட்டுப்புடவையில் வந்தாள். மாமா மடியில் துண்டு சுற்றிய பொட்டலத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருந்தார். கட்டிக் கொடுத்தவள் அக்கா. சென்னை அம்மா முன்னால் மாமா முடிச்சை அவிழ்த்தார்.

தீபாவளிக்குத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று இருந்தது. மாமா முகத்தில் ஈயாடவில்லை.

அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொம்பின் சுருளுக்குள் நகத்தை விட்டுப் பார்த்தார். அங்கேயும் பச்சை இல்லை. "புளியா?" என்றார்.

"புளியும் சாம்பலும். இண்டு இடுக்குல தென்னங்குச்சி" என்றாள் அக்கா. "நாலு பேரு பாக்குற பொருள அழுக்கா எப்புடிக் கொண்டாறதும்மா?"

"இனிமே இது பழசா புதுசான்னு என்னால சொல்ல முடியாதும்மா. என்கிட்ட வாங்குறவங்களும் தொட மாட்டாங்க." அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். மரியாதைக்கு இரண்டு வாய் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அக்காவை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஒனக்குப் புத்தி இருக்குதா? படிச்சுப் படிச்சுச் சொன்னேன் இல்ல?"

"சொன்ன. அதனாலதான் தேச்சேன்" என்றாள் அவள், தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டே. "நீ போன் பண்ணுன நாள்லேருந்து அந்தாளு சரியா சோறு திங்கல. போலின்னு சொல்லிட்டாங்கன்னா என்னாடி பண்றதுன்னு சின்னப் புள்ள மாதிரி கேக்குறாரு. போலின்னு அந்தம்மா வாயால வந்துட்டா, அவுரு அந்தத் தெருவுல எப்புடிடா நடப்பாரு?"

"நெசமா இருந்தா?"

"இருந்தா, நாந்தான் கெடுத்தேன். திட்டு எனக்குத்தான். வாங்கிக்கறேன்."

ஒரு சங்கிலிக்காக அத்தனை வருஷம் சண்டை போட்டவளா இவள்? அதற்குள் கூடத்தில் மாமாவின் குரல் உயர்ந்துவிட்டது. எட்டிப் பார்த்த வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டாயிரம் வருஷத்துப் பொருளுங்க! மெட்ராஸ்லேருந்து ஆள் வந்து நிக்குது. ஒரு உருண்டை புளியில நாசம் பண்ணிட்டா!" அவ்வளவு தெம்பான குரலை அவரிடம் நான் வெகுநாளாகக் கேட்டதில்லை. அன்று மதியம் சோற்றை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

முகம் பழைய ஆணிக்கே திரும்பியது. தெருவில் கிண்டலும் நின்றது. மெட்ராஸிலிருந்து ஆள் வந்து பார்த்த பொருள் அல்லவா? வருகிறவர்களிடம் எல்லாம் மாமா அந்தக் கதையைச் சொல்லுவார். கதை புளிக்கு வரும்போது அக்கா உள்ளேயிருந்து, "ஆமாம், நாந்தான் தேச்சேன், எனக்குத்தான் அறிவில்ல" என்று குரல் கொடுப்பாள்.

2012 பொங்கலுக்குப் போயிருந்தேன். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யாருக்கோ விரல்களை விரித்து மூடிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே கொம்புகளின் ஓரத்தில் பச்சை மறுபடி அரும்பியிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அக்கா பார்த்தாள். பஸ் ஏற்றிவிட வந்தவள், மாமா காதில் விழாத தூரம் வந்ததும் சொன்னாள்:

"அடுத்த தடவ வரும்போது பழைய புளியா கொஞ்சம் வாங்கியாடா."