ஆட்டிப் பார்க்க ஓர் ஆள்

அக்கரப்பத்தனை ஏற்றத்தில் ஆட்டோவை நிறுத்துகிறேன். பெட்ரோல் முள் பாதியில் நிற்குது. காலையிலும் பாதிதான், முள் சிக்கிக் கிடக்குது. பின் சக்கரத்தைத் தொட்டால் சுடுது. பிரேக் பிடித்தே கிடந்திருக்கு, அதில் பெட்ரோலை நிறையக் குடிச்சிருக்கும். தளர்த்திவிட்டேன். மிச்சம் இருக்கிறது பெட்ரோல் ஷெட் வரைக்கும் போதுமா தெரியவில்லை.

அதை அறிய ஒருத்தர் வண்டியை ஆட்டணும், இன்னொருத்தர் டேங்கில் காதை வைத்துக் கேட்கணும். எப்போதும் ஆட்டுறது என் சம்சாரம். அவள் இப்போது குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள்.

பஸ்ஸுக்கு நிற்கிற பெரியவர் வந்து ஆட்டுகிறார்.

“சத்தம் வருதா தம்பி?”

“கொஞ்சமா வருதுங்க.”

“அப்ப இறக்கத்துல போயிரும். முள்ளு மரியாதை தெரிஞ்சது, இல்லைன்னு சொல்லாது.”

பஸ் வந்ததும் ஏறிப் போகிறார்.

இறக்கம் முடிந்ததும் மறுபடி நிறுத்துகிறேன். முள் பாதியில்தான். டேங்கில் காதை வைத்தபடி ஒரு கையால் தள்ளிப் பார்க்கிறேன். ஒரு கைக்கு வண்டி அசையவில்லை.