கூப்பிடாத பெயர்

ஒன்றரை வயது ஊசிக்காக மகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். ஊசிக்கு முன்னால் அவள் தரையில் உட்கார்ந்து ஏதோ ஒரு டப்பாவின் மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா பின்னால் போய் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். அவளுக்கு மூடிதான் முக்கியம்.

"வீட்ல பேரு சொன்னாத் திரும்புதுங்களா?"

"திரும்புமுங்க" என்றேன். யோசிக்காமலே வந்த பதில்.

"இந்த வயசுல திரும்போணுமுங்க. மொகத்தப் பாக்கோணும். கவனிச்சுப் பாருங்க. எதுக்கும் காதையும் ஒருக்கா டெஸ்ட் பண்ணிப்போடலாம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் எங்கள் ஊர் பெரியநாயக்கன்பாளையம் வரும் வரைக்கும் பஸ்ஸில் அவளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

அந்த வாரம் முழுக்க நான் தாயாக இல்லை, போலீஸாக இருந்தேன். அவள் முதுகுக்குப் பின்னால் தட்டைப் போட்டேன், கை தட்டினேன். "கண்ணு", "தங்கம்" என்று மூலைக்கு மூலை நின்று கூப்பிட்டேன். சில சமயம் திரும்பினாள், சில சமயம் இல்லை. சோறு ஊட்டும்போது கண்ணைப் பார்க்கிறாளா என்று முகத்தையே முறைத்தேன். காது கேளாமை, ஆட்டிசம் என்று போனில் தேடினேன், அதில் நோயைத் தேடி நிம்மதியடைந்தவர் யார்? கணவரிடம் மூச்சு விடவில்லை. வாயால் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை பார்க்கும் லேத் பட்டறைக்கு லீவு. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அடக்க முடியாமல் கொட்டிவிட்டேன்.

"ஏனுங்க, டாக்டரம்மா பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க. கண்ணு திரும்பவே இல்லீங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நாம என்னைக்கு அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டோம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமியார் காலமான மறு வருஷம் பிறந்தவள். "அவீகளே வந்து பொறந்துட்டாங்க" என்று சொந்தமெல்லாம் சொல்ல, மாமியார் பெயரையே வைத்தோம். பெற்ற தாயின் பெயர் இவர் வாயில் வராது. மாமியார் பெயரை மருமகள் நான் எப்படிச் சொல்வேன்? கண்ணு, தங்கம், சாமி என்று காலம் ஓடிவிட்டது. பெயர் வைத்த அன்று காதில் சொன்னதோடு சரி.

சிரிக்க வேண்டிய இடம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இதுவாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.

"இப்பக் கூப்புடுங்க" என்றேன்.

"எங்கம்மா பேர எப்படி மொட்டையாக் கூப்புடறது?"

"அப்ப 'ங்க' போட்டுக் கூப்புடுங்க! எனக்கு இப்பவே தெரிஞ்சாகோணும்."

மகள் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னார். திரும்பவில்லை. மறுபடியும் சொல்ல வாயெடுத்தார். பாதிப் பெயரிலேயே குரல் உடைந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மிவிட்டார். அம்மா போன அன்றுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அந்த விம்மலுக்கு அவள் திரும்பினாள்.

எழுந்து தத்தித் தத்தி வந்து, அப்பாவின் விரல்களை விலக்கி, ஈர பிஸ்கட்டை அவர் வாயில் திணித்தாள். பிறகு நிமிர்ந்து என் கண்ணையே பார்த்தாள். காது கேட்கிறது, முகம் பார்க்கிறாள். பெயரைப் பழக்கிவிடலாம். அப்பாடா என்று நான் மூச்சு விட்டிருக்க வேண்டும்.

ஆனால் அவள் உதடு கோணியது. சத்தம் வரவில்லை. அந்த வாரம் முழுக்க நான் அவள் முகத்தை முறைத்துக்கொண்டிருந்தபோது, அவளும் என் முகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தச் சின்னக் கண்களில் இருந்தது என்னுடைய பயம்.