லில்லி சிஸ்டரும் என் இடது காலும்

லில்லி சிஸ்டர் இறந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. "யாருவே சொன்னா? நேர்ல பாத்தியா?" என்று கேட்டேன். மீன்காரி நிறுத்துக் கொடுத்த மீனை வீட்டுக்கு வந்து மறுபடியும் நிறுத்துப் பார்க்கிற ஆள் நான். அவர் ஊரான புதுக்கடைக்குப் பஸ் ஏறிப் போய், அவர் வீட்டு முன்னால் பந்தலைக் கண்ட பிறகுதான் நம்பினேன். மாரடைப்பாம். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது.

அவரை அறிந்த உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாலு வருடமாக அந்த அம்மாவை நான் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தேன்.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனது இடது கால் பெருவிரலில் ஆறாத புண்ணோடு. சர்க்கரை குறையாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும், அப்புறம் காலுக்கும் உத்தரவாதமில்லை என்று டாக்டர் திட்டித் தீர்த்தார். திட்டு எனக்குப் புதிதல்ல. முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக நானே அள்ளிக் கொடுத்ததுதான். பிறகு, சர்க்கரைக்காரர்களின் சாப்பாட்டு விஷயத்தைப் பார்க்கும் நர்ஸான சிஸ்டரிடம் அனுப்பினார்கள். அங்கேயும் ஒரு பாட்டம் திட்டு கிடைக்கும் என்று விறைப்பாக உட்கார்ந்தேன். அவரோ, "சாருக்கு சாப்பாட்டுல என்ன பிடிக்கும்?" என்றார். ராத்திரி அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் இல்லாமல் உறக்கம் வராது என்றேன். "நல்ல ருசியாக்கும் அது" என்றார். ஒரு தடவைகூடத் தின்னாதே என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "ஏட்டி, அவளுக்கு இதுல என்னமோ உண்டு. மருந்து கம்பெனிக்காரனுக்கு ஆளா இருக்கும். சீக்கு மாறாம இருந்தாத்தான அவனுக்கு யாவாரம்?" என்றேன்.

"ஒருத்தி நல்லபடியா பேசினா உங்களுக்குப் பொறுக்காதே" என்றாள்.

மாதாமாதம் சர்க்கரை டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னால் சோறும் மரச்சீனியும் நிறுத்தி, பயறும் மோருமாகக் கிடப்பேன். ரத்தம் கொடுத்த கையோடு ஜங்ஷன் கடையில் மரச்சீனி. எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான். பரீட்சையில் பிட் அடித்த பிள்ளைகளைப் பிடித்தே பேர் வாங்கியவன் நான். என்னை யார் பிடிப்பது?

ஒரு மாதம், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் டெஸ்டையும் எடுத்துவிட்டார்கள். சிஸ்டர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று நல்ல பிள்ளை, மற்றது குட்டிச்சுவர்.

"லேப்ல தப்பு நடந்திருக்கும்" என்று முந்திக்கொண்டேன்.

"இருக்கலாம் சாரே. இல்லேண்ணா டெஸ்டுக்கு முன்ன கொஞ்சம் வாயக் கட்டினியளா?"

இனி எதை மறைப்பது? "ரெண்டு நாளு" என்றேன்.

"ரெண்டு நாளு சாரால முடிஞ்சுதா? எப்படி முடிஞ்சுது?"

கேலி என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். கேலி இல்லை. ராத்திரிப் பசி எடுக்காமலிருக்க நாலு மணிக்கே பயறு தின்பதையும், மரச்சீனி வாங்கக் கூடாதென்று மனைவிக்குச் சட்டம் போடுவதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, வழியெல்லாம் எனக்கே தெரிந்திருக்கிறது என்று புரிந்து எரிச்சல் வந்தது. "மூணாவது நாளுக்கு என்ன செய்யலாம்ணு நினைக்கிய?" என்று மட்டும் கேட்டார்.

"வேண்டாம்ணு சொல்லியதுக்கு எல்லார் வீட்டுலயும் ஆளு உண்டு. கேக்கியதுக்குத்தான் இல்ல" என்று அடிக்கடி சொல்வார். இரண்டு நாள் நாலாயிற்று, நாலு, வாரக்கணக்காயிற்று. புண் ஆறியது, விரல் தப்பியது, டெஸ்டும் மூன்று மாதத்துக்கு ஒன்றாயிற்று. அப்போதும் விட்டேனா? எனக்குத் தெரியாமல் மருந்தை மாற்றியிருப்பார்கள் என்று பழைய சீட்டோடு ஒத்துப் பார்த்தேன். மாற்றவில்லை.

கடைசியாகப் பார்த்தது போன மாதம். மகள் வந்திருந்த சாக்கில் ராத்திரி மரச்சீனி மறுபடியும் தொடங்கி, விரலில் பழைய மரத்துப்போதலும் தொடங்கியிருந்தது. சிஸ்டர் கேட்டபோது, "அதையெல்லாம் எப்பமே விட்டாச்சு" என்றேன். "சாரு சொன்னா செரி" என்றார். நம்பினாரா, தெரிந்தே விட்டாரா? இனி யாரிடம் கேட்டுச் சரிபார்ப்பது?

அடக்கம் முடிந்து வந்த அன்று மனைவி மரச்சீனி எடுத்து வைத்தாள். தட்டைத் தள்ளி வைத்தேன். யார் சொல்லையும் நான் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை; என் சொல்லை அவர் எடுத்துக்கொண்டார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த "சாரு சொன்னா செரி" மட்டும்தான். மரச்சீனியை விட்டு இன்றோடு பதினேழு நாள். டெஸ்ட் எதுவும் பக்கத்தில் இல்லை.