எம்.டி.யை முதலில் அடிக்கவும்

இன்றைக்கும் சொல்கிறேன், நான் எழுதிய அந்தத் தாளில் ஒரு பிழை கிடையாது. ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருந்தது. முற்றுப்புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அதைக் கிழித்துப் போட்டவர் கிழித்துப் போட்டார், அது அவர் பாடு. ஆறாம் வகுப்புக்குப் போகவிருந்த எனக்கு, மரக்காணத்திலேயே என்னைவிட நன்றாகத் தமிழ் எழுதுகிறவர் யாரும் இல்லை என்ற நினைப்பு இருந்தது. அது தவறு என்று இதுவரை யாரும் எனக்கு நிரூபித்துக் காட்டவில்லை.

அம்மாவின் தங்கை, அதாவது என் சின்னம்மா, திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு எங்கள் வீட்டில் தங்கி, உப்புக் கம்பெனியின் ஆபீசில் வேலை பார்த்தாள். அதே கம்பெனியின் உப்பளத்தில் அம்மா உப்பு சுமந்தாள். அம்மா விடிவதற்கு முன்னால் பழைய புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போவாள். சின்னம்மா விடிந்து வெகுநேரம் கழித்துப் பவுடர் போட்டுக்கொண்டு போவாள். கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போனதற்கு அடுத்த கோடை அது. லீவு நாளில் என்னைத் தனியாக வீட்டில் விடப் பயந்து சின்னம்மா ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போவாள்.

கம்பெனி பெரிய முதலாளி கையிலிருந்து மகன் கைக்கு வந்த புதிது. எங்கள் ஆட்கள் மகனைச் சின்ன முதலாளி என்று அழைத்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. சென்னையில் ஒரு பலகை செய்து கொண்டுவந்து தன் அறைக் கதவில் மாட்டினார். அதில் நல்ல தமிழில் ‘எம்.டி.’ என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து உப்பளத்துப் பெண்கள் எல்லோரும், அது மேனேஜிங் டைரக்டர் என்பதன் சுருக்கம் என்று தெரியாமலே, எம்.டி. வர்றாரு, எம்.டி. போறாரு என்று சொல்லப் பழகினார்கள்.

மறுபடி கடல் வந்தால் கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் போய்விடுமே என்ற பயத்தில் அவர் ஒரு டேப் பெட்டியையும் வாங்கிவந்தார். வேறு யாரோ ஓட்டிச் சலித்தது. பாட்டுக் கேசட்டைவிடச் சின்னதாக ஒரு கேசட்டை அதன் வாயில் கொடுத்தால் விழுங்கிக்கொள்ளும். தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டரில் உள்ளதை அந்த நாடாவில் எழுதி, கேசட்டை அவருடைய திண்டிவனத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும்; மறுநாள் காலையில் அது திரும்பி வரும். அது சின்னம்மாவின் வேலை.

பாட்டுப் பெட்டியில் இருப்பது போல முன்னால் ஓட்டவும் பின்னால் ஓட்டவும் அதில் பொத்தான் இல்லை. எல்லாம் எழுத்தால்தான். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று சிமிட்டிக்கொண்டு நிற்கும். சின்னம்மா எம், டி என்று இரண்டு ஆங்கில எழுத்தை அடிப்பாள். மேக்னடிக் டேப் என்பதன் சுருக்கம் அது. அடுத்து எந்தப் பெட்டி என்பதை அடிப்பாள். கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு வார்த்தை. ஸ்டேட்டஸ் என்றால் நாடா எங்கே நிற்கிறது என்று சொல்லும். ரீவைண்ட் என்றால் உர்ரென்று ஆரம்பத்துக்கு ஓடும். ஆஃப்லைன் என்றால் கேசட்டை வெளியே துப்பிவிடும். பெட்டியின் பெயருக்கு முன்னால் ‘என்’ என்ற எழுத்தைச் சேர்த்தால், வேலை முடிந்ததும் நாடா அங்கேயே நிற்கும். அந்த எழுத்தை விட்டுவிட்டால் தானாகவே ஆரம்பத்துக்கு ஓடிவிடும். அது தெரியாமல் அடுத்ததை எழுதினால் நேற்று எழுதியதன் மேலேயே எழுதித் தொலைக்கும்.

எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம், ப்ளீஸ் என்ற சொல்லே அதில் கிடையாது. வீட்டில் பெரியவர்களிடம், பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம், பஸ்ஸில் கண்டக்டரிடம் என்று கெஞ்சியே பழகியவள் நான். இங்கே ஒரு பெண் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்கிறாள், இரும்புப் பெட்டி அலறிக்கொண்டு ஓடுகிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

“கமாண்டுன்னா கெஞ்சுறது இல்லடி, சொல்றது” என்பாள் சின்னம்மா. “தப்பா சொன்னா செய்யாது. சரியா சொன்னா செஞ்சுதான் ஆவணும்.”

அந்த மே மாதம் கிளியனூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. சின்னம்மாவும் நானும் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே போக வேண்டும். திரும்பி வரும்வரை யார் டேப்பைப் பார்த்துக்கொள்வது? லாரிகளுக்கு எடை போடும் அண்ணன் ஒருவர்தான் ஆபீசில் மிச்சம். நல்ல மனிதர், ஆனால் இங்கிலீஷ் என்றால் காய்ச்சல் வந்துவிடும். அதனால் செய்ய வேண்டியதைத் தமிழில் எழுதி, பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுவது என்று முடிவாயிற்று. சின்னம்மாவின் கையெழுத்தை அவளே படிக்க முடியாது. எனவே அவள் சொன்னாள், நான் எழுதினேன்.

சுருக்கமாக எழுதும் பெயர்களுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார். கதவுப் பலகையிலும் அப்படித்தான் இருந்தது. ஆகவே நானும் புள்ளி வைத்தேன். ஸ்கெட்ச் பேனாவில் குண்டு குண்டாக இப்படி எழுதினேன்:

“எல்லோரும் போன பிறகு எம்.டி.யை முதலில் அடிக்கவும். பிறகு நிலைமையைக் கேட்கவும். எம்.டி. முரண்டு பிடித்தால் தலையைத் துடைக்கவும். உப்புக் காற்றில் தலை கெட்டுப் போயிருக்கும். துடைத்த பிறகு மறுபடி அடிக்கவும். ‘என்’ போட மறந்தால் எம்.டி. ஓடிப்போய்ப் பழையதையெல்லாம் நாசமாக்கும், ஜாக்கிரதை. வேலை முடிந்ததும் ஆஃப்லைன் அடித்து வெளியே தள்ளவும்.”

தலை என்பது பெட்டிக்குள் நாடாவைப் படிக்கிற பாகம். அதற்கென்றே துடைக்கும் கேசட் ஒன்று உண்டு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அடிக்க வேண்டிய ஆங்கில எழுத்துகளைச் சின்னம்மா பென்சிலால் எழுதினாள். நான் தாளைச் சுற்றிப் பூ பார்டர் போட்டேன். இதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தைத் தமிழில் சொல்ல முடியாது.

நாங்கள் கல்யாணம் முடிந்து ஊர் திரும்பிய அன்று சாயங்காலமே எடை போடும் அண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வியர்வைக் கையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுத் தொட்டு அவர் வேலை செய்ததில் பென்சில் எழுத்துகள் அழிந்துபோயிருக்கின்றன. தமிழும் பூ பார்டரும் மட்டும் பளிச்சென்று நின்றிருக்கின்றன. அந்த நேரம் பார்த்து எம்.டி. வந்து படித்திருக்கிறார்.

“நீங்களாவது வெளக்கி சொல்லக் கூடாதாண்ணே?” என்றாள் சின்னம்மா.

“அவரு முன்னாடி எனக்கு எங்க வாய் தொறக்குதும்மா? கிழிச்சு மூஞ்சியில வீசிட்டாரு. நாளைக்கு வந்து, தப்பு பண்ணிட்டேன் மன்னிச்சிடுங்கன்னு கைப்பட எழுதிக் குடுக்கணுமாம். இல்லன்னா அக்காவும் வேணாம், தங்கச்சியும் வேணாம்னு சொல்லிட்டாரு.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேலை போவதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நான் போட்ட பூ பார்டரைக் கிழித்துவிட்டாரே என்றுதான் அழுதேன்.

அப்பா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “ஒரு மன்னிப்புதான, காசா பணமா? எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு.” அம்மா அவரைவிட ஒரு படி கீழே இறங்கினாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கோசரம் எழுதிக் குடுடி. அவங்கள பகைச்சுக்கிட்டு எங்க போயி நிப்போம்?” என்று கேட்டாள். அம்மா அப்படிக் கெஞ்சியது எனக்குப் பிடிக்கவே இல்லை.

“தப்பு பண்ணியிருந்தா கால்லகூட வுழுவேன்க்கா” என்றாள் சின்னம்மா. “பண்ணாததுக்கு ஒரு எழுத்து எழுத மாட்டேன்.”

மறுநாள் அம்மா வழக்கம் போல உப்பளத்துக்குப் போய்விட்டாள். சின்னம்மா என்னைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். எம்.டி. வந்ததும், “ஒரு நிமிஷம் இத பாத்துடுங்க சார்” என்று அவரைப் பெட்டியின் பக்கத்தில் கூப்பிட்டாள். கேசட்டை உள்ளே தள்ளினாள். “இது எம். இது டி. இது இந்த பொட்டிக்கு சொல்ற வார்த்த. உங்க பேரு இல்ல” என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சொல்லி அடித்தாள். ஸ்டேட்டஸ் கேட்டாள், திரையில் பதில் வந்தது. ரீவைண்ட் என்றாள், பெட்டி உறுமிக்கொண்டு ஓடியது. இங்கிலீஷில் வேறு வேறு எழுத்துகள்தான் சார், நம் தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே டி என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை. “நான்தான் எழுதுனேன். தப்பு இருந்தா காட்டுங்க” என்றேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே பில்லுக்காக நின்றிருந்த லாரி டிரைவர் ஒருவர், “அப்போ எம்.டி.ய தெனம் சாயங்காலம் அடிக்கிறாங்களா!” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எடை போடும் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. எம்.டி.யின் காது சிவந்துபோயிற்று. உள்ளே வா என்று சின்னம்மாவிடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“சரி, புரிஞ்சுது. பொட்டியத்தான் சொல்லியிருக்க. இருந்தாலும் ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போ” என்றார்.

“அதான் தப்பு இல்லன்னு தெரிஞ்சுபோச்சே சார். அப்புறம் எதுக்கு எழுதணும்?”

“எதுக்குன்னு கேக்குற பாரு, அதுக்கு.”

அப்போதுதான் வாசலில் அம்மா நிற்பதைப் பார்த்தேன். பாத்தியிலிருந்து நேரே வந்திருந்தாள். முழங்கால் வரைக்கும் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. தங்கைக்காக மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள் என்பது அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்ற விதத்திலேயே தெரிந்தது. அந்த அறைக்குள் உப்பளத்து ஆட்கள் வரமாட்டார்கள். என்ன பேசுவதானாலும் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவார்கள். எம்.டி.க்கு எதிரே இருந்த நாற்காலிகள் வியாபாரிகளுக்கு.

அவளைப் பார்த்ததும் எம்.டி.யின் முகம் தெளிந்தது. “வா வா, நீயாவது புத்தி சொல்லு. அக்காவுக்கு இருக்குற பயம் தங்கச்சிக்கு இல்ல பாரு” என்றார்.

அம்மா கட்டியிருந்த கையை எடுத்தாள். பிறகு உள்ளே வந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். அவள் காலிலிருந்து உப்பு உதிர்ந்து மொசைக் தரையில் விழுந்தது. மின்விசிறிக் காற்றில் முந்தானை பறந்ததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எதுக்குங்க எழுதணும்?” என்றாள். குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

சின்னம்மாவின் கண் கலங்கியது. அவ்வளவு நேரம் சண்டை போட்டவள் இப்போது ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். வெயிலில் மயங்கி விழுபவர்களைத்தான் இப்படி உட்காரவைத்துப் பார்த்திருக்கிறேன். ஓடிப்போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்தேன். அம்மா அதை வாங்கி, உட்கார்ந்தபடியே, சொட்டு விடாமல் நிதானமாகக் குடித்தாள். எம்.டி. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து நின்று, “எல்லாரும் வெளிய போங்க!” என்று கத்தினார். அவர் எழுந்து நிற்க, அம்மா உட்கார்ந்திருந்தாள். டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

சின்னம்மா வெளியே வந்து, நின்றவாக்கில் கடைசி வார்த்தையை அடித்தாள். பெட்டி கேசட்டைத் துப்பியது. அதை எடை போடும் அண்ணன் கையில் வைத்து, “எம்டிய வெளிய தள்ளிட்டேன்ணே, வரட்டுமா?” என்றாள். ஒரே காலையில் வீட்டில் இரண்டு பேருக்கு வேலை போயிற்று. பிற்பாடு சின்னம்மா பாண்டிச்சேரியில் வேலை தேடிக்கொண்டாள். அம்மா வேறொருவர் உப்பளத்துக்குப் போனாள். அதற்குள் பட்ட பாடெல்லாம் இங்கே வேண்டாம்.

வெயிலில் மூன்று பேரும் ரோட்டோரமாக நடந்தோம். அக்காவும் தங்கையும் கையைக் கோத்துக்கொண்டு நடந்தார்கள். எனக்கு அம்மாவின் மேல்தான் கவலை.

“காலு ரொம்ப வலிச்சுதாம்மா?” என்று கேட்டேன்.

அம்மா முதல் தடவையாகச் சிரித்தாள். “ஆமாண்டி, ரொம்ப நாளா வலி.”

வீட்டுக்குப் போனதும் தைலத்தை எடுத்துவந்து அவள் இரண்டு காலையும் நீவிவிட்டேன். அவளும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலி போய்விட்டதா என்று கேட்டேன். போய்விட்டது என்றாள். எல்லாம் என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.