இல்லாத புண்ணுக்கு மணத்தக்காளி

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தோலில் கீறலோ தையலில் பிசகோ இருந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கச் சம்பளமும் கொடுத்தால் யாருக்குத்தான் தலை கனக்காது? நாளடைவில் ஆட்களையும் அப்படியே பார்க்க ஆரம்பித்தேன். அதற்குத் தோதான நேரம் மத்தியானச் சாப்பாடு.

மணி அடித்ததும் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் பேக்கிங் ஷெட்டில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டு வட்டமாக உட்காருவோம். எவ்வளவு கழுவினாலும் பசை வாசனை விரலை விட்டுப் போகாது, அதோடுதான் சாப்பாடு. டப்பாவைத் திறக்கிற விதத்திலேயே ஆளைச் சொல்லிவிடுவேன். மூடியைப் பாதி திறந்து அதன் மறைவில் சாப்பிடுகிறவள் வீட்டில் மாமியார் குழம்பை அளந்து ஊற்றுகிறாள். அவசரமாக விழுங்குகிறவளுக்கு அண்ணன் தம்பி ஜாஸ்தி. "எனக்குக் கறியே புடிக்காதுப்பா" என்று முதலில் சொல்கிறவள் வீட்டில் கறி எடுத்துப் பல நாள் ஆகியிருக்கும்.

என்னைப் பற்றியும் ஒரு தீர்ப்பு வைத்திருந்தேன்: எந்த வித்தியாசமும் பார்க்காதவள். அதற்குச் சாட்சி ஆபா. எங்கள் கூட்டத்தில் மூத்தவர், தையல் மெஷினில் கெட்டிக்காரி. முஸ்லிம், முஸ்லிம் அல்லாதவர் என்று இல்லாமல் எல்லாரும் அவரை ஆபா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். வாரத்தில் ஒரு நாள் மாட்டுக்கறி மிளகு வறுவல் கொண்டு வருவார். நானோ குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்வதற்கே வாயைப் பொத்திக்கொள்வார்கள். முதல் தடவை ஆபாவே டப்பாவை நகர்த்தி வைத்துக்கொண்டு எச்சரித்தார்.

"இது பெரிய கறிம்மா. உங்க வீட்ல ஆகாதே?"

கையை நீட்டி இரண்டு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். "பெருசு, சின்னதுன்னு நாக்குக்கு இன்னா ஆபா தெரியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். அதற்குப் பிறகு சந்தர்ப்பம் கிடைத்தபோதெல்லாம் அதைச் சொன்னேன். கிடைக்காதபோது உண்டாக்கியும் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பாசஞ்சரில் மட்டும் சோம்பை மென்றுகொண்டே போவேன். புரட்சிக்கும் ஒரு எல்லை உண்டு.

அந்தச் சமயத்தில்தான் மடிப்பு வேலைக்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். தோலின் ஓரத்தில் பசை தடவி மடித்துச் சின்னச் சுத்தியலால் தட்டுகிற வேலை. கல்யாணமாகாதவள், என்னைவிட நாலைந்து வயது சின்னவள். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவோடு தயங்கி நின்றாள்.

"எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"மேல்பட்டி பக்கம்க்கா."

"ஊர்லயா, அந்தப் பக்கமா?"

என்ன கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். "காலனியிலக்கா" என்றாள், நேராகப் பார்த்து.

மற்றவர்கள் யோசிப்பதற்குள் நகர்ந்து என் பக்கத்தில் இடம் கொடுத்தேன். அந்த ஒரு சாண் நகர்ந்ததில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சமில்லை. ஆபா வேறு பார்த்துத் தலையசைத்தார்.

மூன்றாம் நாள் அவள் தன் டப்பாவை என் பக்கம் தள்ளினாள். "கத்திரிக்கா காரக்கொழம்புக்கா. ருசி பாருங்க." கறி இல்லை, மீன் இல்லை. வெறும் கத்திரிக்காய்.

எடுத்துச் சோற்றில் பிசைந்து வாயில் போட்டேன். மென்றேன். விழுங்கப் போனால் தொண்டை மூடிக்கொண்டது. கையில் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. பெரிதாக ஒரு விக்கல் வந்தது. அதன் பின்னாலேயே வயிறு மேலே எழும்பியது. வாயைப் பொத்திக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே ஓடினேன்.

திரும்பி வந்தபோது எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். அவள் டப்பாவை மூடிவிட்டிருந்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"வயித்துல புண்ணு" என்றேன். "காரம் பட்டா இப்படித்தான் ஆவுது."

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பெண்களின் பாசத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள் ஆபா மிளகு வறுவல் டப்பாவை எனக்கு எட்டாத இடத்தில் வைத்தார். "புண்ணோட விளையாடாதே. என் மச்சான் அதை வளர்த்துதான் ஆபரேஷன் வரைக்கும் போனார்." ஒருத்தி மோர் கொண்டு வந்தாள். இன்னொருத்தி உப்பில்லாத ரவைக் கஞ்சி. ஊறுகாயை முகர்ந்தாலே மூன்று பேர் கத்துவார்கள். ஆபாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது எங்கள் செக்‌ஷனுக்கே ஒரு சின்ன டேக்சா நிறைய பிரியாணி வந்தது. மூடியைத் திறந்ததும் ஷெட் முழுக்க வாசனை. எனக்கு மட்டும் தயிர்ச்சோறு. எச்சிலை விழுங்கிக்கொண்டு, "எனக்கு அதெல்லாம் ஆசையே இல்ல" என்றேன். அப்படிச் சொல்கிற பெண்களைப் பற்றி நான் என்ன தீர்ப்பு வைத்திருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

இதற்கெல்லாம் மேலே, நான் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிய அந்த வாரக் கடைசியிலேயே புதிதாக வந்த பெண் ஒரு தூக்கில் மணத்தக்காளிக் கீரைச் சாறு கொண்டு வந்தாள். "வயித்துப் புண்ணுக்கு இத மாதிரி மருந்து கெடையாதுக்கா. காலைல ஆய்ஞ்சி, தேங்காப்பால் ஊத்தி வெச்சேன்."

எல்லார் கண்ணும் என் மேல். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? காரம் இல்லை என்று ஆபாவே ஒரு துளி ருசி பார்த்துச் சொல்லிவிட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி, கண்ணை மூடிக் குடித்தேன். விக்கல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மருந்து என்று சொன்னதும் உடம்பு ஏமாந்துவிட்டது போலிருக்கிறது.

மறுநாளும் கொண்டு வந்தாள். அதற்கு மறுநாளும். மூன்றாவது வாரம் அது ருசியாக இருந்தது. இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் அவள் லீவு போட்டபோது, பன்னிரண்டு மணிக்கே என் வயிறு அந்தச் சாற்றைத் தேடியது.

அவள் திரும்பி வந்த அன்று, சாப்பிட்டு முடித்துக் குழாயடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் டப்பா கழுவிக்கொண்டிருந்தோம்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளு."

"புண்ணெல்லாம் ஒண்ணும் இல்லதானே?"

கழுவின டப்பாவையே மறுபடி கழுவினேன். "எப்போ தெரியும்?"

"அன்னிக்கேதான். எங்க பெரியப்பாவுக்கு நெஜமாவே புண்ணு. காரம் பட்டா அவரு வயித்தப் புடிப்பாரு. நீங்க தொண்டையப் புடிச்சீங்க."

செக்கிங் வேலைக்கு என்னைவிட அவள்தான் பொருத்தமானவள்.

"அப்புறம் இன்னாத்துக்குத் தெனமும் எனக்காகக் கீர ஆய்ஞ்சே?"

"சோறுன்னு குடுத்தா எறங்காது. மருந்துன்னாவது எறங்குதான்னு பாத்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "அதுவும் இல்லாம, பிரியாணி வந்த அன்னிக்கி உங்க மூஞ்சியப் பாக்கணுமே. எனுக்கு வயிறு ரொம்பிப் போச்சி."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "சாறுல உப்பு கொஞ்சம் கம்மி."

"புண்ணுக்கு உப்பு ஆவாதுக்கா" என்றாள், முகம் மாறாமல்.

மறுநாள் அவள் சாறு கொண்டு வரவில்லை. கருவாட்டுக் குழம்பு கொண்டு வந்து வட்டத்தின் நடுவில் வைத்தாள். எல்லாரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள், என்னைத் தவிர. நானாகக் கையை நீட்டினேன். ஆபா அதட்டினார்: "ஏய், புண்ணு!"

நான் பதில் தேடுவதற்குள் அவளே சொன்னாள். "விடுங்க ஆபா. கொஞ்சம் ஆறியிருக்கும். ரெண்டு நாள் பாக்கலாம்."

விழுங்கும்போது தொண்டை ஒரு கணம் யோசித்தது. பிறகு வழி விட்டது.

அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம். கம்பெனியிலிருந்து நாங்கள் எல்லாரும் போனோம். காலனித் தெருவில் பந்தல் போட்டு இலை போட்டிருந்தார்கள். அவளுடைய அம்மா எனக்குப் பக்கத்திலேயே நின்று பரிமாறினார். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மணவறையிலிருந்து அவள் என் இலையை எட்டிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "அங்க சாப்புடலியே?"

"இல்லம்மா, தாலி கட்டினதும் கெளம்பிட்டேன்" என்றேன்.

அம்மாவுக்குத் திருப்தி. தட்டு வைத்துச் சோறு போட்டாள். உட்கார்ந்து மறுபடி சாப்பிட்டேன்.